சிலைக்கு முன்னால் சர்வே எண்: வட சென்னையில் ஒரு நினைவிடம் நிலைக்க என்னென்ன வேண்டும்

ஒடுக்கப்பட்டோர் உரிமைக்காகப் போராடிய தலைவர் ரெட்டமலை சீனிவாசன் வட சென்னையின் ஓட்டேரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்த அவருடைய கல்லறையை இன்று 'உரிமைக் களம்' என்று அழைக்கிறார்கள். பிறந்த நாளான ஜூலை 7, நினைவு நாளான செப்டம்பர் 18 என்றால் மாலையோடும் பறையோடும் ஆட்கள் வந்து சேரும் இடம் அது. 'தாத்தா' என்றுதான் அவரைச் சொல்வார்கள். ஆனால் அவருக்கு அரசு கட்டிய மணிமண்டபம் தென் சென்னையில் உள்ள கிண்டியில், காந்தி மண்டப வளாகத்துக்குள் இருக்கிறது.

சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதருக்கும் அப்படித்தான் ஆனது. அவர் பிறந்த 175ஆவது ஆண்டை ஒட்டி வட சென்னையில் மணிமண்டபம் அமைக்கப்படும் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2023 டிசம்பர் 1இல் மண்டபமும் சிலையும் திறக்கப்பட்டன. திறந்த இடம் கிண்டி. மண்டபம் வந்தது நல்லது, வந்தே ஆக வேண்டியது. ஆனாலும் வட சென்னைக்காரர்கள் கேட்டது தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஏறிப் பார்க்கக்கூடிய ஓர் இடம். அந்தக் கோரிக்கை இன்னும் பாக்கி நிற்கிறது.

கிண்டி வளாகத்தில் அரசுக்கு நிலம் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது, பராமரிக்கும் துறை இருக்கிறது. புதிதாக ஒரு மண்டபம் வேண்டுமென்றால் மதிப்பீடு போட்டு டெண்டர் விட வேண்டியதுதான். புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ அதே மண்டபத்தைக் கேட்டால் முதல் கேள்வியே 'இடம் எங்கே' என்றுதான் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் சிலைக்கு நன்கொடை திரட்டத் தொடங்குவதுதான் வட சென்னை நினைவிட முயற்சிகளில் அடிக்கடி நடக்கும் தவறு. காசு சேர்கிறது, சிலை வருகிறது, நிறுத்த இடமில்லாமல் சாக்கு சுற்றி ஒரு கொட்டகையில் கிடக்கிறது.

ஏன் வட சென்னை

இந்தக் கேள்விக்கு அதிகாரிகள் முன்னால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெரம்பூர் ரயில்வே பணிமனை, பின்னி ஆலைகள், துறைமுகம் என்று உழைப்புக்காக வந்து குடியேறியவர்களின் ஊர் இது. 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே. 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடியிருப்புகள் எரிந்தன. அயோத்திதாசர் தொடங்கிவைத்த தமிழ்ப் பௌத்தத்துக்குப் பெரம்பூரில் ஒரு விகாரை உண்டு.

ரெட்டமலை சீனிவாசனின் வேலைகளை ஆண்டு வரிசையில் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 1860இல் (1859 என்றும் சொல்வார்கள்) இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெஸ்லி மண்டபத்தில் கூட்டம் போட்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் உயர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாது என்று 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை லண்டன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். உள்ளூரில் தேர்வு வைத்தால் ஆதிக்கச் சாதிகளே அதிகாரத்தை நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் வாதம். பின்பு தென்னாப்பிரிக்காவில் சில காலம். 1921இல் திரும்பி வந்து, 1923 முதல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் எந்தச் சாதியாருக்கும் திறந்தவை என்ற தீர்மானம் அந்த அவையில் 1924இல் நிறைவேறியது. 1930-31இல் லண்டன் வட்டமேசை மாநாடுகளில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர் அவர்தான். 2000இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

பெயர் 'ரெட்டமலை' என்றும் 'இரட்டைமலை' என்றும் புழங்குகிறது. எதை எடுத்துக்கொண்டாலும் முதல் மனுவிலிருந்து கல்வெட்டு வரை அதையே எழுத வேண்டும். மனுவில் ஒன்று, தீர்மானத்தில் ஒன்று, கல்லில் ஒன்று என்று போனால் கோப்பு ஒரு மேசையில் உட்கார்ந்துவிடும்.

இடம்

சாலையோரம், நடைபாதை, சாலை நடுத்திட்டு ஆகியவற்றை மறந்துவிட வேண்டும். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் எந்தச் சிலைக்கும் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18இல் உத்தரவிட்டது. 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், பொது இடச் சிலைகளை அகற்றித் 'தலைவர்கள் பூங்கா' அமைத்து அங்கே வைக்கலாம் என்று அரசுக்குச் சொன்னது. இந்த உத்தரவுகளை நம் தலைவர்களுக்கு எதிராக மட்டும் வளைக்கிறார்கள் என்ற கோபம் பல பேட்டைகளில் உண்டு, அதற்குக் காரணங்களும் உண்டு. ஆனால் பொதுச் சாலை எல்லாரும் நடப்பதற்கே என்று போராடியவருக்கு நடைபாதையை அடைத்துச் சிலை வைப்பது அவர் வேலைக்கே பொருந்தாது. அதோடு, சாலையில் வைத்த சிலையை ஒரு மேம்பாலமோ மெட்ரோ பணியோ வந்தால் இரவோடு இரவாகக் கிரேன் வைத்துத் தூக்குவார்கள். அப்போது தடுக்கக் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

மிஞ்சுவது நான்கு வகை இடம். மாநகராட்சிப் பூங்கா அல்லது காலியிடம், வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின், அதாவது பழைய குடிசை மாற்று வாரியத்தின், குடியிருப்பு வளாகம், இடுகாடு, தனிப் பட்டா நிலம். ரயில்வே நிலமும் துறைமுக நிலமும் மத்திய அரசுக் கோப்பு என்பதால் அந்த வழியில் ஆண்டுகள் கரையும்.

எந்த இடமானாலும் முதல் வேலை நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வாங்குவது. அதில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்), பரப்பளவு, உடைமையாளர் என்ற கட்டங்கள் இருக்கும். உடைமையாளர் கட்டத்தில் 'சர்க்கார் புறம்போக்கு' என்று இருந்தால் மனு வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்குப் போக வேண்டும். 'மாநகராட்சி' என்றால் மண்டல அலுவலகம் வழியாக ஆணையருக்கும், பிறகு மாமன்றத் தீர்மானத்துக்கும். ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கம் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகர். பல தலைமுறையாக 'நம்ம மன்றத்து இடம்' என்று புழங்கிவந்த இடம் பதிவேட்டில் வாரியத்தின் பெயரிலோ கால்வாய்ப் புறம்போக்காகவோ இருப்பது வட சென்னையில் சர்வசாதாரணம். கால்வாய், குளம் என்ற வகைப்பாட்டில் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் எழுந்த கட்டடத்தை எந்த நீதிமன்றமும் காப்பாற்றாது.

தனிப் பட்டா நிலம் சட்டப்படி எளிது. ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் கொடுக்க முன்வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாய்வார்த்தையாக விட்டால் அடுத்த தலைமுறையில் பாகப்பிரிவினை வழக்கில் சிலையும் ஒரு சொத்தாக ஏறும். தானப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்து, பட்டா மாறுதலும் சங்கத்தின் பெயருக்கு முடிந்த பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். பட்டா நிலம் என்றாலும் காவல்துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் முன்கூட்டி எழுதிக் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்கி வைப்பதே பாதுகாப்பு. திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு 'சட்டம் ஒழுங்கு' என்று சொல்லிச் சிலையை மூடிவைக்கச் சொன்னால் அந்தச் சீட்டுத்தான் பேசும்.

இடுகாட்டுக் கல்லறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெருக்கடி மிகுந்த நகர இடுகாடுகளில் பழைய குழிகளைத் திரும்பத் தோண்டுவது வழக்கம். ஒரு தலைவரின் கல்லறை எத்தனை ஆண்டு மாலை வாங்கியிருந்தாலும், இடுகாட்டின் வரைபடத்தில் அது தனி அளவுகளோடு குறிக்கப்படாவிட்டால், பாதுகாப்பு வெறும் மரியாதையில்தான் தொங்கும். கேட்க வேண்டியது இது: கல்லறையும் அதைச் சுற்றி இத்தனை அடியும் நினைவிடமாக ஒதுக்கப்படுகிறது என்று அளவோடு ஒரு மாமன்றத் தீர்மானம், அதன் நகல், இடுகாட்டு வரைபடத்தில் அந்தக் குறி. இதற்குப் பெரிய செலவு இல்லை. மண்டபத்தைவிட இதை முதலில் கேட்பதே சரி.

மனு கொடுக்கும் அமைப்பும் காகிதத்தில் இருக்க வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிந்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு, நிலம் ஒதுக்கும் நேரத்தில் 'உங்கள் சங்கம் செயல்பாட்டில் இல்லை' என்ற பதில் வாங்கியவர்கள் நிறைய. ஏழு பேரும் ஒரே கட்சியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஆட்சி மாறும்போது கோப்பு படுத்துவிடாது. பெண்கள் இல்லாத குழு வசூலிலும் பராமரிப்பிலும் சீக்கிரம் களைத்துப்போகும். தெருத்தெருவாக நன்கொடைச் சீட்டைக் கொண்டு போய்க் கணக்கை நேர் செய்வது பெரும்பாலும் மகளிர் குழுக்காரர்கள்தான், அவர்கள் பெயர் நிர்வாகிகள் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

சிலையில் எங்கே தவறுகிறது

வட சென்னையில் சிமென்ட் சிலைகளில் முதலில் உடைவது விரல். நீட்டிய கைகொண்ட அம்பேத்கர் சிலையை எடுத்துக்கொள்வோம். ஆள்காட்டி விரலின் தடிமன் ஒன்றரை அங்குலம். அதற்குள் ஒரு கம்பி போகிறது. கம்பிக்கு மேல் சிமென்ட் அரை அங்குலம்கூட இருக்காது. கடல்காற்றின் உப்பு மெல்லிய பூச்சு வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, ஒரு மழைக்காலம் முடிந்ததும் விரல் கீழே கிடக்கும். காலையில் பார்ப்பவர்களுக்கு யாரோ உடைத்துவிட்டார்கள் என்றே தோன்றும். உடைப்பவர்கள் உண்மையிலேயே இருக்கும் நாட்டில் அந்தச் சந்தேகம் நியாயமானது, அதனால்தான் இது ஆபத்தானது. ஒரு தெரு முழுக்கப் பதற்றமாகி, இளைஞர்கள் மேல் வழக்கு விழுந்து, பிறகு அது துரு என்று தெரியவந்தால் யாருக்கு என்ன லாபம்? ஆண்டுக்கு இருமுறை சிலையை நான்கு பக்கமும் தேதியோடு படம் பிடித்து வைக்க வேண்டும். உடைந்த இடத்தில் கம்பி துருவேறியிருக்கிறதா, பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். உண்மையிலேயே உடைத்திருந்தால் அதே படங்கள் புகாருக்குச் சாட்சி ஆகும்.

ஆகவே கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்தப் பகுதிக்குச் சிமென்ட் சிலை வேண்டாம். பணம் குறைவு என்றால் முழு உருவத்தை விட்டு மார்பளவு வெண்கலச் சிலைக்குப் போகலாம். ஃபைபர் சிலை வெயிலில் நிறம் மங்கி வெடிக்கும், தற்காலிகத்துக்கு மட்டும் சரி.

வெண்கலத்துக்கு வழி இது: களிமண் மாடல், அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, அச்சுக்குள் மெழுகு, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோக வார்ப்பு. களிமண் நிலையில்தான் முகத்தைத் திருத்த முடியும். அங்கே அவசரப்பட்டால் பிறகு வழியே இல்லை. ரெட்டமலை சீனிவாசனுக்குக் கிடைக்கும் படங்கள் சில மட்டுமே. தலைப்பாகையும் கோட்டும் எல்லாருக்கும் தெரியும், மூக்கின் பக்கவாட்டுக் கோடு தெரியாது. சிற்பி ஊகித்துச் செய்தால் தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவராக வந்து நிற்பார். இருக்கும் படங்களையெல்லாம் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்து, வயதை முடிவு செய்ய வேண்டும். இதழ் தொடங்கிய முப்பது வயதுக்காரரா, லண்டன் போன எழுபது வயதுக்காரரா என்று. மாடலைச் செல்பேசிப் படத்தில் பார்த்து ஒப்புதல் கொடுக்கக் கூடாது. குழுவில் நான்கைந்து பேர் பட்டறைக்குப் போய், பீடத்தின் உயரத்துக்கு மாடலை ஏற்றி வைத்துக் கீழிருந்து பார்க்க வேண்டும். எட்டடி உயரத்தில் நிற்கும் சிலையில் தலை சிறுத்துத் தெரியும், அதனால் தேர்ந்த சிற்பிகள் தலையைக் கொஞ்சம் பெரிதாகவே பிடிப்பார்கள்.

ஒப்பந்தத்தில் முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். மாடல் ஒப்புதலுக்குப் பிறகு ஒரு பங்கு, நிறுத்திய பிறகு மீதி. உலோகத்தின் எடையும் வார்ப்பின் தடிமனும் எழுத்தில் இருக்கட்டும். பாதத்தின் அடியில் நீர் வடியத் துளை கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் உள்ளே சேரும் தண்ணீர் கால்மூட்டுப் பக்கம் பச்சையாகக் கசியும். சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் சாதா இரும்பாக இருக்கக் கூடாது. வெண்கலத்தைத் தொட்டபடி உப்பீரத்தில் இருக்கும் இரும்பு வேகமாக அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகு, அதில் 316 தரம், கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே வேண்டும்.

பீடத்துக்கு எம்.30 தரக் கான்கிரீட், கம்பியை 50 மி.மீ. கான்கிரீட் மூடும்படி கவர் பிளாக். இடுகாட்டில் ஆழமாகத் தோண்டினால் பக்கத்துக் குழிகள் கலையும். அங்கே அகலமாகப் பரவிய ராஃப்ட் அடித்தளம் போட்டு ஒன்றரை அடி ஆழத்தில் முடித்துக்கொள்ளலாம், அளவைப் பொறியாளர் மண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். ஓட்டேரி நல்லா என்ற கால்வாய்ப் பக்கம் கட்டுவதென்றால் 2015, 2023 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவர்க் கறையிலிருந்து குறித்துக்கொண்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வைக்க வேண்டும். கிரானைட் பலகைகளை வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால் சில கோடைகளில் கழன்று விழும், கிளாம்ப் வேண்டும். கல்வெட்டு எழுத்துக்கு வெறும் பெயின்ட் போதாது, 3 மி.மீ. ஆழமாவது வெட்டியிருக்க வேண்டும். பித்தளை எழுத்துகளைப் பதித்தால் திருட்டுப் போகும்.

கல்வெட்டில் தலைவரின் பெயருக்கும் ஆண்டுகளுக்கும் மேற்பாதி இடம், திறந்துவைத்தவர்களின் பட்டியல் பின்பக்கத்தில். இதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிட வேண்டும். கடைசி வாரத்தில் பேச முடியாது.

மாலை போடுவதற்கு நிரந்தரப் படிக்கட்டும் கைப்பிடியும் பீடத்தின் பின்பக்கம் அமைந்தால், ஒவ்வொரு ஆண்டும் இரும்பு ஏணி சாய்த்துத் தோளில் கீறல் விழாது. ஈரமாலையை மூன்று நாள் விட்டால் உலோகத்தில் கறை படியும். மறுநாள் காலை இறக்கி நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க ஓர் ஆள் வேண்டும். இரும்புக் கூண்டு போடுவதைக் காவல்துறை சில சமயம் நிபந்தனையாகச் சொல்லும். உரிமைக்காகப் போராடியவரைக் கம்பிக்குள் நிறுத்துவதை ஏற்க வேண்டியதில்லை. நல்ல விளக்கு, கேமரா, ஏற முடியாத பீட உயரம் ஆகியவற்றை மாற்றாக எழுதிக் கொடுத்து வாதாடலாம்.

உள்ளே என்ன இருக்கும்

சிலையோடு நின்றுவிட்டால் ஆண்டுக்கு இரண்டு நாள் நினைவிடம். ஓர் அறை சேர்ந்தால் முந்நூறு நாளும் திறந்திருக்கும். வட சென்னைக்குப் படிப்பகமும் இரவுப் பாடசாலையும் புதிதல்ல. மன்றங்கள் வைத்திருந்த ஓலைக் கொட்டகைகளில் படித்துத்தான் பலர் ரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் எழுத்தர் வேலைக்குப் போனார்கள். ஒரு குடும்பம் ஓரறையில் வாழும் குடியிருப்புகளில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மேசையும் மின்விசிறியும் கழிவறையும் உள்ள இடமே பெரிய மரியாதை. இருபது பேர் உட்கார அறுநூறு சதுர அடி தாராளம்.

1893 மனுவின் நீளம் 112 அடி. 30க்கு 26 அடியில் ஒரு சுற்றுச்சுவர் எழுப்பினால் அதன் சுற்றளவும் 112 அடிதான். இரண்டு சென்ட்டுக்குள் அடங்கிவிடும். சுவரின் உட்புறம் ஒரே பட்டையாகக் கல் ஓடவிட்டு, மனு எதற்காக எழுதப்பட்டது, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்பதைப் பொறித்தால், அதன் நீளத்தை ஒரு குழந்தை நடந்தே தெரிந்துகொள்ளும். இப்படி ஒரு யோசனைக்குச் சிலையில் பாதிச் செலவுகூட ஆகாது.

பணமும் பராமரிப்பும்

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியின் வழிகாட்டு விதிகளில் நினைவுச் சின்னங்களுக்கு இடமில்லை. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். படிப்பகக் கட்டடத்தை மட்டும் பொதுப் பயன்பாடாகப் பிரித்து, சட்டமன்றத் தொகுதி நிதியிலோ 2024இல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்திலோ கேட்பது நடக்கக்கூடியது. சிலையும் பீடமும் மக்கள் பணத்தில் இருக்கட்டும். நன்கொடை எல்லாம் எண்ணிட்ட ரசீதில், இருவர் கையெழுத்து வேண்டிய கூட்டுக் கணக்கில்.

வசூலாகும் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது நிரந்தர வைப்பாகப் போட்டுவிட வேண்டும். மின்கட்டணம், விளக்கு மாற்றுவது, ஆண்டுக்கு ஒருமுறை சிலையைக் கழுவி மெழுகு பூசுவது, பூட்டு, சாவி வைத்திருப்பவருக்கு ஒரு தொகை எல்லாம் அதன் வட்டியிலிருந்து போகும். திறப்பு விழாப் பந்தலுக்கும் மேடைக்கும் கடன் வாங்கிவிட்டு, மூன்றாம் மாதம் மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட நினைவிடங்கள் உண்டு.

அரசே கட்டிப் பராமரிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் விட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். அயோத்திதாசர் மண்டபத்துக்காகச் சட்டமன்றத்தில் சொன்ன 'வட சென்னை' என்ற சொல் கோப்பில் எந்தக் கட்டத்தில் மாறியது, இடம் தேடினார்களா, எந்தெந்த இடங்கள் பார்க்கப்பட்டன என்று செய்தி மக்கள் தொடர்புத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கேள்விகளைத் தனித்தனியாக எண்ணிட்டு, கோப்புக் குறிப்புகளின் நகலையும் கேட்க வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகவே பதில் வரும். அந்தப் பதிலோடு, டி.எஸ். எண் போட்ட இரண்டு மூன்று மாற்று இடங்களின் பதிவேட்டு நகலையும் இணைத்து ஆட்சியரிடமும் தொகுதி உறுப்பினரிடமும் கொடுத்தால், 'இடம் எங்கே' என்ற கேள்வியோடு யாரும் நம்மைத் திருப்பி அனுப்ப முடியாது.